சல்பாக்சைடின் கந்தகம் கைரல் மையமா, நிலைத்து நிற்குமா என அறியும் முறை

கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த கார்பனைல் தொகுதியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கந்தகத்துடன் ஓர் ஆக்சிஜனும் இரு கார்பன் தொகுதிகளும் இணைந்த சல்பாக்சைடும் தட்டையானதாகவே தோன்றும். கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே நூல்கள் இரட்டைக் கோடு வரைவதே அதற்குக் காரணம். ஆகவே முதலில் அக்கோட்டை ஒற்றைக் கோடாக்கி, கந்தகத்தின் மேல் நேர்மின் சுமையும் ஆக்சிஜனின் மேல் எதிர்மின் சுமையும் இட்டு, கந்தகத்தில் எஞ்சியுள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டையையும் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கந்தகம் ஒரு பிரமிடின் உச்சியில் அமர்ந்திருப்பது விளங்கும். அதனுடன் இணைந்த இரு கார்பன் தொகுதிகளும் வேறுபட்டால் அது கைரல் மையம், அதாவது மூலக்கூறும் அதன் ஆடி பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தா. டைமெத்தில் சல்பாக்சைடில் இரண்டும் மெத்தில் என்பதால் அங்கே கைரல் தன்மை இல்லை.

மெத்தில் பாரா-டோலைல் சல்பாக்சைடை எடுத்துக்கொள்வோம். இரு ஆடி பிம்ப வடிவங்களுக்கும் பெயரிட உதவும் முன்னுரிமை வரிசையில் ஆக்சிஜன் முதலிலும், டோலைல் (மெத்தில் தாங்கிய பென்சீன் வளையம்) இரண்டாவதாகவும், மெத்தில் மூன்றாவதாகவும், எலக்ட்ரான் இரட்டை கடைசியிலும் வரும். எலக்ட்ரான் இரட்டை நம்மைவிட்டு அப்பால் நோக்கும்படி மூலக்கூறைத் திருப்பினால், வரிசை வலஞ்சுழியாகச் சென்றால் ஆர் (R) வடிவம், இடஞ்சுழியாகச் சென்றால் எஸ் (S) வடிவம்.

பெயரிடுவது எளிது, நிலைப்புத்தன்மையைக் கணிப்பதில்தான் கவனம் தேவை; பிரமிடு மறுபுறம் புரண்டால் ஒரு வடிவம் அதன் ஆடி பிம்பமாக மாறிவிடும். அம்மோனியாவின் பிரமிடு குடைபோல் மறுபுறம் புரள மோலுக்கு ஏறத்தாழ 6 கிலோகலோரி போதும். சாதாரணச் சல்பாக்சைடுகளுக்கோ 35 கிலோகலோரிக்கும் மேல் வேண்டும். எனவே அறை வெப்பநிலையில் அவற்றின் இரு ஆடி பிம்ப வடிவங்களையும் தனித்தனியே வைத்திருக்கலாம். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில்தான் புரளல் தெளிவாகத் தெரியும். ஆனால் கந்தகத்தில் பென்சைல் தொகுதி இருந்தால், கார்பன்–கந்தகப் பிணைப்பே பிளந்து மீண்டும் சேர்வதால் 130 முதல் 150 டிகிரியிலேயே இரு வடிவங்களும் சம அளவில் கலந்த சுழிமாய்க் கலவை உண்டாகும். அல்லைல் தொகுதி இன்னும் ஆபத்தானது: அது கந்தகத்திலிருந்து ஆக்சிஜனுக்கு இடம்பெயர்ந்து, கைரல் தன்மையற்ற சல்பீனேட் எஸ்டராக மாறித் திரும்புவதால், 50 முதல் 70 டிகிரியிலேயே ஒளிசுழற்றும் திறன் (முனைவுற்ற ஒளியின் தளத்தைத் திருப்பும் பண்பு) கரைந்துவிடும். ஹைட்ரஜன் குளோரைடு போன்ற ஹாலஜன் அமிலங்கள் வெப்பமின்றியே இத்திறனைப் போக்கிவிடக்கூடும்.

ஆகவே அமைப்பை வரைந்ததும் அல்லைல், பென்சைல் தொகுதிகளைத் தேடிப்பார்த்து, அவை இருந்தால் கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில், சூடேற்றாமல் நீக்கி, அதற்கு முன்னும் பின்னும் ஒளிச்சுழற்சியை அளந்து ஒப்பிடுங்கள்.