பாரிசவாதத்துக்குப் பின்: வீட்டுப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிசவாதம் (பக்கவாதம்) வந்த ஒருவரை வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும், அவருக்கான சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டாரின் கைக்கு வந்துவிடுகிறது. மூதூர், சம்பூர், வெருகல் போன்ற இடங்களில் இருப்பவர்கள் திருகோணமலை நகரிலுள்ள இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு வாரத்தில் ஒருநாள் வந்து போவதே பெரும்பாடு. மற்ற நாட்களில் மனைவியோ மகளோதான் பயிற்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை நேர்வதெல்லாம் எப்போது, எவ்வளவு என்பதில்தான்: முதல் நாட்களில் அவசரப்படுகிறார்கள், இடையில் அலைகிறார்கள், ஆறு மாதம் கடந்ததும் விட்டுவிடுகிறார்கள். அண்மைய ஆய்வுகள் இந்த மூன்றைப் பற்றியும் தெளிவாகப் பேசுகின்றன. ஆனால் அவற்றைப் பாதி மட்டும் கேள்விப்படுவதாலும் தவறுகள் பிறக்கின்றன.

அவசரத்தை முதலில் பார்ப்போம். பாரிசவாதம் வந்தவரை எவ்வளவு விரைவாக எழுப்பி நடத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் மருத்துவர்களிடையேயும் இருந்தது. அதைச் சோதிக்க, ஐந்து நாடுகளில் 2,104 நோயாளர்களைச் சேர்த்து நடத்தப்பட்ட அவெர்ட் ஆய்வு 2015இல் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடியும் கூடுதல் நேரமும் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் மூன்று மாதத்தின் பின் நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களில் 50 சதவீதம். இதைக் கேள்விப்பட்டவர்கள் “அப்படியானால் ஒரு கிழமை படுத்தே கிடக்கட்டும்” என்று முடிவு செய்வதுதான் அடுத்த தவறு. வழக்கமான பராமரிப்பு என்று சொல்லப்பட்ட பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் முதல் நாளிலேயே கட்டிலை விட்டு எழுப்பப்பட்டார்கள். வேறுபாடு பயிற்சியின் அளவில் இருந்தது. அதே தரவுகளை அடுத்த ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோது, குறுகிய நேரமாகப் பல தடவை எழுப்பப்பட்டவர்கள் தேறியதும், ஒரேயடியாக நீண்ட நேரம் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் பின்தங்கியதும் தெரிந்தது. ஆகவே வாட்டில் தாதியும் இயன்மருத்துவரும் சொல்லும் அளவுக்கு மேல், பார்க்க வரும் உறவினர்கள் தாங்களாக நோயாளரைத் தூக்கி நிறுத்த முயலக்கூடாது.

வீட்டுக்கு வந்த பின் அதிகம் சேதப்படும் உறுப்பு தோள்மூட்டுத்தான். கையெலும்பின் உருண்டையான தலை ஆழமற்ற ஒரு குழியில் தசைகளின் பிடிப்பால் நிற்கிறது. தசைகள் தளர்ந்ததும் அது கீழே நழுவுகிறது. இந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலிலிருந்து எழுப்புவதும், கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்குவதும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுகளைக் கிழிக்கும். வீட்டு வளையில் கப்பி கட்டி, கயிற்றின் ஒரு நுனியை நல்ல கையால் இழுத்து மறு கையைத் தலைக்கு மேலே உயர்த்தச் செய்வது இன்னும் மோசமானது. பார்ப்பதற்கு அது நல்ல பயிற்சியாகத் தெரியும். ஆனால் தோட்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் மேலே போகும்போது இடையிலுள்ள தசைநார் எலும்புக்கு நடுவே நசுங்குகிறது. 1990இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் கப்பிப் பயிற்சி செய்தவர்களில் 62 சதவீதத்தினருக்குத் தோள்வலி வந்தது; இயன்மருத்துவர் கையால் அசைத்துக் கொடுத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கு மட்டுமே வந்தது. கப்பியைத் தவிர்க்குமாறு அமெரிக்கப் பாரிசவாத வழிகாட்டல் 2016இல் சொல்லிவிட்டது. கையை அசைத்துக் கொடுக்கும்போது ஒரு கை முழங்கையின் கீழும் மறு கை தோட்பட்டையிலும் இருக்க வேண்டும். இயன்மருத்துவர் காட்டித் தரும் வரை தோள் மட்டத்துக்கு மேலே கொண்டுபோகத் தேவையில்லை. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை மடியிலிருந்து தொங்காமல் தலையணையில் இருக்கட்டும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் கட்டி ஒத்தணம் பிடிப்பது நம் வீடுகளில் வழக்கம். பாதிக்கப்பட்ட பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால், சுடுவது நோயாளருக்குத் தெரியாது. தோல் கொப்பளித்த பின்னரே வீட்டாருக்குத் தெரியும். கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போகிறவர்களும் ஏழு கிணறுகளிலும் நீரின் சூடு ஒன்றுபோல இல்லை என்பதை நினைவில் வைத்து, முதலில் தங்கள் கையால் பார்த்துவிட்டு ஊற்றுவது நல்லது. அங்கே சூட்டை விட ஈரத்தரையில் வழுக்கி விழுவதற்கே நான் பயப்படுவேன். கால் உறுதியாகும் என்று உப்புவெளிக் கடற்கரை மணலில் நடக்க விடுவதும் அப்படித்தான்: பாதத்தை உயர்த்த முடியாதவருக்கு மணல் விரலைத் தட்டி விழுத்தும். முதலில் கெட்டியான சமதரை வேண்டும்.

இடைக்கால அலைச்சலே, என் கணிப்பில், எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. வீட்டுக்கு வந்த பின்னுள்ள இரண்டாம், மூன்றாம் மாதங்களில் குடும்பங்கள் எண்ணெய், பத்தியம், வெளியூர் வைத்தியர் என்று சுற்றுகின்றன. வெளிநாட்டிலிருக்கும் மகன் மின்தூண்டல் கருவி ஒன்றையும் அனுப்பிவைக்கிறார். எண்ணெய் பூசி உருவி விடுவதில் சுகம் உண்டு என்றாலும், அந்த நேரத்தில் நோயாளரின் மூளை தானாக எதையும் செய்து பழகுவதில்லை. அமெரிக்காவில் 72 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வொன்று, வழக்கமான சிகிச்சைக்கு மேலதிகமாக 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு கட்டங்களில் கொடுத்துப் பார்த்தது. பாரிசவாதம் வந்து இரண்டு முதல் மூன்று மாதங்களுக்குள் அதைப் பெற்றவர்களே அதிகம் தேறினார்கள். ஆறு மாதத்தின் பின் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்வு என்பதால் அதன் எண்களை இறுதியானவையாகக் கொள்ள முடியாது. எனினும் வீட்டில் கைவிட்டுப் போகும் மாதங்கள் எவை என்பதை அது சரியாகத் தொட்டுக் காட்டுகிறது.

அந்தப் பயிற்சியில் நோயாளர்கள் தாங்களே விரும்பிய வேலைகளைச் செய்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மீன்பிடித் தொழிலாளி ஒருவருக்கு ரப்பர் பந்தை நாள் முழுதும் பிசைவதை விட வலை பொத்துவதற்கு நூலைப் பிடித்துப் பார்ப்பது பொருத்தமானது; அரிசி களைவது, சட்டைப் பொத்தான் போடுவது, தேநீர்க் கோப்பையைத் தூக்கி வைப்பது எல்லாம் பயிற்சிதான். கதிரையிலிருந்து எழுந்து உட்காருவதும் சிறந்த பயிற்சி. ஆனால் வழவழப்பான மாபிள் தரையில் பிளாஸ்டிக் கதிரை பின்னால் நழுவும் என்பதால், அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். எழும்போது இரு பாதங்களும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தரையில் பதிந்திருக்கட்டும். அவர் மெதுவாகச் செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வீட்டார் தாங்களே செய்து கொடுத்துவிடுவதும் பயிற்சியைத் திருடுவதுதான்.

எண்ணிக்கையை மட்டும் துரத்துவதும் உதவாது. ஆறு மாதம் கடந்த 85 பேருக்கு 3,200 முதல் 9,600 தடவைகள் வரை கையசைவுகளைக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. தடவைகள் கூடியதற்கேற்ப முன்னேற்றம் கூடவில்லை. மறுபுறம், லண்டன் குயீன் ஸ்குவேயர் நரம்பியல் வைத்தியசாலையில் மூன்று வாரங்களில் 90 மணி நேரம் பயிற்சி பெற்ற 224 பேர், பாதிப் பேருக்கு பாரிசவாதம் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகியிருந்தும், நல்ல முன்னேற்றம் கண்டதாக 2019இல் அறிக்கை வந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத அறிக்கை அது. என்றாலும் “ஆறு மாதம் போனால் அவ்வளவுதான்” என்று கிளினிக்கை நிறுத்துவதற்கு அது இடம் கொடுக்கவில்லை.

வீட்டாருக்கு ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் போதும் என்று நினைப்பது வைத்தியசாலைகள் செய்யும் தவறு. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 பேரைக் கொண்டு நடந்த அட்டென்ட் ஆய்வு, குடும்பத்தவர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் தொடரச் செய்தது. 2017இல் வந்த முடிவின்படி, ஆறு மாதத்தில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் இந்தப் பிரிவிலும், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்ற பிரிவிலும் 47 சதவீதமே. குடும்பத்தின் உழைப்பு இயன்மருத்துவருக்கு ஈடாகிவிடாது. ஆகவே துண்டு வெட்டும் அன்றே அடுத்த தவணை எப்போது, எந்தப் பயிற்சியை எத்தனை தடவை செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சியின்போது புதிதாக வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் மேலும் தளர்ந்தாலோ, “பழைய வாதம்தானே, களைத்துவிட்டார்” என்று படுக்க வைக்காதீர்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் ஏற்ற முடியும் என்பதால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.