புற்றுநோய் வந்த பிள்ளையின் குடும்பத்துக்கு உதவுவது எப்படி?

திருநெல்வேலியில் எங்கள் தெருவில் ஒரு சின்னப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, அந்த வீட்டுக்கு வேண்டிய வேலைகளை நாங்கள் சிலர் பங்கு போட்டுக்கொண்டோம். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். ஊர் கூடி முதல் மாதமே பெரிய தொகை கொடுத்துவிடும். ஆனால் குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வகைக்கு வைத்தியம் இரண்டு, மூன்று வருடம் ஓடும். அதனால் மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுக்கும் பத்துப் பேரைப் பிடியுங்கள். பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுப் பணம் கேட்பது எனக்குப் பிடிக்காது. குணமாகிப் பள்ளிக்கூடம் போகும்போதும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும்.

1. காப்பீட்டு அட்டை

வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ கொடுக்கும் வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும்.

சிக்கல் ரேஷன் கார்டில்தான். பிள்ளையின் பெயரை அதில் சேர்த்திருக்க மாட்டார்கள். சில வீடுகளில் அம்மாவின் பெயரே இன்னும் பிறந்த வீட்டுக் கார்டில் இருக்கும். எங்களுக்கு இரண்டுமே இருந்தது. முதலில் பிறந்த வீட்டுக் கார்டில் பெயரை நீக்கி, பிறகு இங்கே சேர்த்து, பிறப்புச் சான்றை வைத்துப் பிள்ளையையும் சேர்த்தோம். இ-சேவை மையத்தில் மனுப் போட்டதோடு விட்டுவிடாமல், ஒருவர் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள். பெற்றோரை இதற்கு அலையவிடாதீர்கள்.

அம்மாவோ அப்பாவோ பீடித் தொழிலாளி என்றால் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். தொழிலாளர் நல நிதியில் புற்றுநோய்ச் செலவைத் திரும்பப் பெற வழி உண்டு, குடும்பத்தாருக்கும் பொருந்தும். அதனால் எந்த ரசீதையும் தூக்கிப்போடக் கூடாது. போனில் படம் எடுத்து வைப்பதை நான் நம்புவதில்லை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

2. ரயில்

இங்கிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறவர்கள் நிறைய. காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை கொடுக்கும் சலுகைப் படிவத்தில் டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் வேண்டும். அடுத்த முறைக்கான படிவத்தை வார்டை விட்டுக் கிளம்பும்போதே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

3. ரத்தம்

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை எடுத்து வைத்தால் ஐந்து நாள்தான் தாங்கும். ஆர்வத்தில் எல்லாரும் ஒரே நாளில் போய்க் கொடுக்க வேண்டாம். பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஆஸ்பத்திரி கேட்கும்போது இரண்டு பேராக அனுப்புங்கள்.

4. வீடு

பீடி சுற்றும் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளெல்லாம் பீடித் தட்டு சும்மா கிடக்கும், கூலி இல்லை. மூத்த பிள்ளைக்குச் சாப்பாடு, பள்ளிக்கூடம் இரண்டையும் தெருப் பெண்கள் முறை வைத்துப் பார்த்தார்கள். “மதினி, நீ அவனைப் பத்திக் கவலப்படாத, எங்க வீட்டுலதான் படுத்திருக்கான்” என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னது அந்த அம்மாவுக்குப் பெரிய தெம்பு.

பிள்ளை வீடு திரும்பியதும் அல்வாவோடு பார்க்கப் போகாதீர்கள். கீமோ எடுக்கும்போது எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும். கடைப் பண்டமும் கூட்டமும் ஆபத்து. சளி, இருமல், அம்மை உள்ள வீட்டிலிருந்து யாரும் போகவே கூடாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுங்கள். 100.4 டிகிரி காட்டினால் ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு ஒரு ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பின்சேர்க்கை: கூட்டுக் குடும்பக் கார்டில் தாத்தா தலைவராக இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளையின் பெயர் அதே கார்டில் இருக்கிறதா என்பதுதான். இருந்தால் கார்டைப் பிரிக்க அவசரப்படாமல், அதையே எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் கேளுங்கள்.