உலகம் அழிந்த பிறகு எந்தப் புத்தகம்? படிப்பதிலும் பரிந்துரைப்பதிலும் தவிர்க்க வேண்டியவை

பேரழிவில் மிஞ்சியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும் நாவல் ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் சட்டென்று கார்மாக் மெக்கார்த்தியின் 'தி ரோடு' என்கிறோம். 2006-ல் வந்த அது அருமையான நாவல்தான். ஆனால் சாம்பல் மூடிய நாட்டில் அப்பாவும் மகனும் பசியோடு நடந்துகொண்டே இருப்பதை முதல் புத்தகமாகக் கொடுத்தால், நிறைய பேர் அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

நான் முதலில் கொடுப்பது ஜார்ஜ் ஸ்டூவர்ட் 1949-ல் எழுதிய 'எர்த் அபைட்ஸ்'. கொள்ளைநோயில் ஜனங்கள் அநேகமாக எல்லாரும் போய்விட, கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கூட்டம் மிஞ்சுகிறது. குழாயில் தண்ணீர் அதுபாட்டுக்கு வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒருநாள் நின்றுவிடுகிறது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் ஊறும்வரை குடத்தோடு காத்திருந்த ஊர் நம் வேலூர். அந்தப் பக்கங்களை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"ஒண்ணுமே நடக்கலையே சார்" என்று பாதியில் திருப்பிக் கொடுக்க வந்தார் காட்பாடித் தம்பி ஒருவர். "குழாய் நிக்கிற வரைக்கும் படிப்பா, அப்புறம் பேசலாம்" என்றேன். சண்டையையும் துப்பாக்கியையும் தேடிப் படித்தால் இந்த வகையின் நல்ல நாவல்கள் எல்லாமே மந்தமாகத்தான் தெரியும். யாருக்கு என்ன தெரியும், எது மறந்துபோயிற்று, பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

வால்டர் மில்லரின் 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' பற்றி முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். அணுப்போருக்குப் பிந்தைய கதை; மூன்று பாகம், ஒவ்வொன்றுக்கும் நடுவே சுமார் 600 வருஷ இடைவெளி. பழகிய ஆள் அடுத்த பாகத்தில் இருக்கமாட்டார். நிலைத்திருப்பது புத்தகங்களைக் காக்கும் கிறிஸ்தவத் துறவிகளின் மடம் மட்டுமே. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மான்டே காசினோ மடத்தின் மீது குண்டு வீசிய விமானங்களில் மில்லரும் போயிருக்கிறார். இது தெரிந்தால் அந்த மடம் இன்னும் கனக்கும். ஆனால் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

'ஐ ஆம் லெஜண்ட்' படம் பார்த்துவிட்டேன், புத்தகம் எதற்கு என்பவர்களுக்கு: கொள்ளைநோய்க்குப் பிறகு தனியாக மிஞ்சிய ஒருவனின் கதைதான் இரண்டும், ஆனால் 2007 படத்தின் முடிவு வேறு, ரிச்சர்ட் மாதிசனின் 1954 நாவலின் முடிவு வேறு. தலைப்பின் அர்த்தமே நாவலின் கடைசியில்தான் புரியும்.

இந்தப் பழைய நாவல்களில் பெண்களைப் பற்றியும் கறுப்பின மக்களைப் பற்றியும் உறுத்தும் வரிகள் உண்டு. கொடுக்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் பரிந்துரைப்பது. கொரோனாவில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவரிடம் கொள்ளைநோய்க் கதையை நீட்டாதீர்கள். அவருக்கு பாட் ஃபிராங்கின் 'அலாஸ், பாபிலோன்' கொடுக்கலாம். அணுப்போருக்குப் பிறகு ஃபுளோரிடாவின் சிற்றூர் ஒன்றில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து உப்புக்கு அலைவதும், மீன் பிடித்து நாளை ஓட்டுவதும்தான் அதில் கதை.