சோலார் வயர் போட்டு வந்த கேம்பர் வேனில் பேனல் மாட்டுவது எப்படி?

பாடி கட்டும் பட்டறையிலிருந்து கேம்பர் வேனை எடுக்கும்போது, "சோலாருக்கு வயரிங் எல்லாம் போட்டாச்சு, பேனல் மட்டும் வாங்கி மாட்டிக்கங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கூரையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு வயர் நுனிகள். உள்ளே பின் சீட்டுக்குக் கீழே, பேட்டரி அறையில் அதே வயர்களின் மறுமுனை. பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் சீலிங்குக்குள் மறைந்து வருகிற அந்த ஆறு மீட்டர் வயரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் இங்கே பேனல் மாட்டுவதைவிட வயரைச் சோதிப்பதைப் பற்றி அதிகமாக எழுதியிருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் தயவுசெய்து அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதலில் ஒரு தாளில் கணக்கு

கடைக்குப் போகும் முன் ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் செலவாகும் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வேனின் கணக்கு இது. 12 வோல்ட் ஃபேன் 25 வாட், ராத்திரி 9 மணி நேரம் ஓடினால் 225 வாட் மணி. எல்.இ.டி. விளக்குகள் நான்கும் சேர்த்து 100. போன் சார்ஜுக்கு 40. தண்ணீர் மோட்டார் கொஞ்ச நேரம்தான் ஓடும், அதற்கு 20. ஆக 385. இதோடு 45 வாட் சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று சேர்ந்தது. மதுரை வெயிலில் அதன் கம்ப்ரசர் நாளில் பாதி நேரமாவது ஓடும் என்று வைத்தால் 540. மொத்தம் 925 வாட் மணி. ஃபிரிட்ஜ் ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் குடிக்கிறது பாருங்கள். வாங்குவதற்கு முன்பே அது வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

ஏ.சி. ஓடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேன் கூரையில் வைக்கிற இரண்டு பேனலை நம்பி வீட்டு ஏ.சி. ஓடாது. ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரம் முழுமூச்சாக ஓடினாலே எங்கள் ஒரு நாள் செலவைத் தாண்டிவிடும்.

இனி வரவு. நம் ஊரில் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் முழு வெயில் என்று வைத்துக் கணக்குப் போடலாம். பேனல் சூடு, தூசி, வயரில் போகும் இழப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 சதவீதம் கழித்துவிடுங்கள். 165 வாட் பேனல் இரண்டு என்றால் 330 வாட். 330-ஐ 5-ஆல் பெருக்கி, அதில் 70 சதவீதம் எடுத்தால் 1155 வாட் மணி. எங்கள் 925-க்கு இது தாராளம். ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு 100 வாட் பேனல் இரண்டே போதும்.

பேட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பாஸ்பேட் வகை வாங்கினோம். அதாவது 1280 வாட் மணி. ஒரு நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டாலும் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரி விலை குறைவுதான். ஆனால் அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். நாம் படுத்துத் தூங்குகிற இடத்துக்குள் அதை வைக்கக் கூடாது.

போட்டு வந்த வயரைச் சோதிப்பது

ஒரு மல்டிமீட்டர், ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி, கூட ஒரு ஆள், அவ்வளவு போதும். ஒருவர் கூரையில், ஒருவர் உள்ளே.

தொடங்கும் முன், உள்ளே இருக்கும் முனை எதோடும் இணைந்திருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். கண்ட்ரோலர் (பேனல் கரண்டைச் சீராக்கி பேட்டரிக்கு ஏற்றும் பெட்டி) இல்லாமல் அந்த வயரை நேராக பேட்டரியில் முடுக்கிவிட்டிருக்கும் வண்டிகளும் உண்டு. அப்படி இருந்தால் கூரையில் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் பேட்டரி கரண்ட் இருக்கும். அந்த இரண்டு நுனிகளும் ஒட்டினால் தீப்பொறி நிச்சயம். கழற்றி, நுனிகளில் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டு மேலே ஏறுங்கள்.

முதலில் வயரின் தோலைப் படியுங்கள். எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். 4 இருந்தால் நல்லது, 6 இருந்தால் இன்னும் நல்லது. 2.5 என்றால் அந்த வயரை விட்டுவிட்டுப் புதிதாக இழுப்பதுதான் சரி.

அடுத்து பிளஸ், மைனஸ். கூரை முனையில் 9 வோல்ட் பேட்டரியைப் பிடியுங்கள். சிவப்பு வயரில் பிளஸ், கறுப்பில் மைனஸ். உள்ளே இருப்பவர் மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சிவப்புக் கம்பியைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் தொட வேண்டும். 9 என்று காட்டினால் சரி. எங்கள் வண்டியில் என் மனைவி உள்ளே மீட்டரோடு இருந்தாள். "ஒன்பதுன்னு காட்டுது, ஆனா முன்னாடி ஒரு கோடு இருக்கே" என்றாள். அந்தச் சின்னக் கோடுதான் விஷயம். மைனஸ் 9. அதாவது வழியில் எங்கோ சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. நிறத்தை நம்பி பேனலைக் கொடுத்திருந்தால் கண்ட்ரோலருக்குத் தலைகீழாகப் போயிருக்கும்.

மூன்றாவது, வழியில் ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. பேட்டரியை எடுத்துவிட்டு, கூரையில் இரண்டு நுனிகளையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள். உள்ளே மீட்டரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்து அளந்து பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு அதில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு 0.3 வந்தது. 4 சதுர மில்லிமீட்டர் வயர், போய் வர 12 மீட்டர் என்றால் அதற்கு மேல் 0.1 கூட ஏறக் கூடாது. எங்களுக்கு 1.1 வந்தது. சீலிங்கைக் கையால் தட்டினால் எண் குதித்தது.

அக்கம்பக்கத்தில் வயரிங் வேலை பார்க்கும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு சீலிங் பிளைவுட்டைக் கழற்றினோம். நடுவில் வயர் பத்தாமல் போயிருக்கிறது. ஒரு முழ நீளத்துக்கு வேறு மெல்லிய வயரைச் சேர்த்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். நிறம் மாறியதும் அங்கேதான். "அண்ணே, இத அப்படியே விட்டிருந்தா ஓடுற வண்டியில சூடேறி மரமே கருகியிருக்கும்" என்றார். கணக்கும் அதையேதான் சொல்கிறது. பேனலிலிருந்து 9 ஆம்பியர் ஓடும்போது 0.8 ஓம் ஒட்டில் கிட்டத்தட்ட 60 வாட் வெப்பமாக மாறும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, சீலிங்குக்குள் பிளைவுட்டை ஒட்டி வைத்த மாதிரி. அந்த வேனில் என் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஒட்டே இல்லாமல் 6 சதுர மில்லிமீட்டர் சோலார் வயரை முழு நீளத்துக்கும் புதிதாக இழுத்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

கடைசியாக, முறுக்கிய நுனிகளைப் பிரித்துவிட்டு ஒவ்வொரு வயருக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். எண் எதுவும் வரக் கூடாது. வந்தால் எங்கோ வயர் தோல் உரிந்து பாடியில் உரசுகிறது என்று பொருள்.

தொடராகவா, இணையாகவா?

இரண்டு பேனலையும் தொடராக, அதாவது ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸில் கோத்தால் வோல்ட் கூடும், ஆம்பியர் அப்படியே இருக்கும். இணையாகக் கொடுத்தால் ஆம்பியர் இரட்டிக்கும். வயரில் வீணாவது ஆம்பியரைப் பொறுத்தது. 4 சதுர மில்லிமீட்டர், 6 மீட்டர் தூரம் என்றால் தொடரில் 5 வாட் போகும், இணையில் 20 வாட். அதனால் போட்டு வந்த வயரையே வைத்துக்கொள்பவர்களுக்குத் தொடர்தான் என் சிபாரிசு.

தொடருக்கு எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் (கூடுதல் வோல்ட்டையும் சார்ஜாக மாற்றும் வகை) கட்டாயம். விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகையில் கூடுதல் வோல்ட் எல்லாம் வீணாகப் போகும். எங்களுடையது 100 வோல்ட், 30 ஆம்பியர். சுமை இல்லாத நேரத்தில் ஒரு பேனல் 22.5 வோல்ட் என்றால் இரண்டும் சேர்ந்து 45. குளிரில் இது இன்னும் ஏறும். மார்கழி விடியலில் கொடைக்கானலில் நிறுத்தினால் 48-ஐ நெருங்கும். 50 வோல்ட் கண்ட்ரோலர் என்றால் அங்கே எல்லையைத் தொடும் அளவுக்கு வந்துவிடும்.

தொடரில் ஒரு குறை, நிழல். நத்தம் பக்கம் எங்கள் மாமா மாந்தோப்பில் நிறுத்தினால் ஒரு கிளையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே மொத்த வரவும் சட்டென்று இறங்குகிறது. மாமரத்தடி நமக்குச் சுகம், பேனலுக்குப் பட்டினி. காலையிலேயே வண்டியை வெயிலில் தள்ளி நிறுத்திவிட்டு நாங்கள் மட்டும் மரத்தடிக்குப் போய்விடுவோம்.

கூரையில் மாட்டுவது

காலை 6 மணிக்கு ஏறிவிடுங்கள். 10 மணிக்கு மேல் தகரத்தில் முழங்கால் வைக்க முடியாது.

பேனலைச் சாய்க்க வேண்டியதில்லை. மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 10 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. சித்திரை தொடக்கத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். படுக்கையாக வைத்தால் போதும். ஆனால் அடியில் இரண்டு விரல் கட்டையாவது இடைவெளி விடுங்கள். பேனலின் திறன் 25 டிகிரி சூட்டில் அளந்தது. நம் வெயிலில் அது 65 டிகிரி வரை போகும், அப்போது 15 சதவீதம் போல வரவு குறையும். அடியில் காற்று ஓடினால் சூடு கொஞ்சம் தணியும்.

அலுமினிய இசட் கிளாம்ப் (பேனலைக் கூரையோடு பிடிக்கும் இசட் வடிவத் துண்டு) ஒரு பேனலுக்கு நாலு, முடிந்தால் ஆறு. வெறும் தகரத்தில் ஸ்க்ரூ போடாமல் கூரையின் குறுக்குச் சட்டத்தில் விழுகிற மாதிரி போடுங்கள். சட்டம் எங்கே என்று தட்டிப் பார்த்தாலே ஓசையில் தெரியும். ஒவ்வொரு துளையிலும் பி.யூ. சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) நிரப்பி, நட்டின் மேலும் ஒரு பூச்சு. ஒரு பேனல் 11, 12 கிலோ இருக்கும். ஓடும்போது காற்று அதைத் தூக்கப் பார்க்கும். ஒட்டும் டேப்பை மட்டும் நம்பி நம் வெயிலில் விட எனக்கு மனம் வராது.

மாட்டி முடித்ததும் தரையிலிருந்து மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே பாலத்துக்கு அடியில் போகும்போது பழைய உயரம்தான் ஞாபகத்தில் இருக்கும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவில் விதிகள் உண்டு. கூரையில் துளை போடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இணைப்பு கொடுக்கும் வரிசை

வெளிச்சம் பட்டாலே பேனலில் கரண்ட் வந்துவிடும், அதற்கு சுவிட்ச் கிடையாது. அதனால் கெட்டியான ஜமுக்காளத்தால் பேனலை மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் கண்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு. 10 சதுர மில்லிமீட்டர் வயர், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு. பேட்டரியின் பிளஸை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ். கண்ட்ரோலர் விழித்துக்கொண்டதும் பேட்டரி வகையை லித்தியம் பாஸ்பேட் என்று வையுங்கள். ஈக்வலைசேஷன் (டியூபுலர் போன்ற பேட்டரிகளுக்கு அவ்வப்போது கூடுதல் வோல்ட் கொடுக்கும் வசதி) என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

அப்புறம்தான் பேனல். கழற்றும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் கண்ட்ரோலர் கெட வாய்ப்பு உண்டு.

பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே ஒரு பிரேக்கர் வையுங்கள். வீட்டு மின்சாரத்துக்கு (ஏ.சி. கரண்டுக்கு) வாங்குகிற எம்.சி.பி. பிரேக்கர் இதற்கு ஆகாது. டி.சி. கரண்டில் உள்ளே எழும் தீப்பொறி எளிதில் அணையாது. டி.சி. என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

கூரையில் எம்.சி.4 கனெக்டர் (பேனல் வயர்களை இணைக்கும் இரண்டு பாதி பிளக்). அதற்கென்றே இருக்கும் கிரிம்பிங் கருவியால் அழுத்திவிட்டு வயரை இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அது மாட்டவில்லை. இரண்டு பாதியும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வெயிலில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிரிக்கவே கூடாது, பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பிரேக்கரை இறக்கியபடியே ஜமுக்காளத்தை எடுங்கள். உள்ளே வந்து சேரும் வயரில் மீட்டரை வையுங்கள். 40-லிருந்து 45-க்குள், முன்னால் கோடு இல்லாமல் வந்தால் பிரேக்கரைப் போடலாம்.

முதல் நாள், முதல் மாதம்

நண்பகலில் 330 வாட் காட்டவில்லையே என்று பதற வேண்டாம். எங்களுக்கு நல்ல வெயிலில் 250, 260 வரும். பேட்டரி நிறைந்துவிட்டால் கண்ட்ரோலரே குறைத்துவிடும், அதனால் சோதிக்கும்போது ஃபேனையும் ஃபிரிட்ஜையும் போட்டுவிட்டுப் பாருங்கள்.

படுக்கையாக வைத்த பேனலில் தூசி சீக்கிரம் படியும். வாரம் ஒரு தடவை காலையில், கண்ணாடி ஆறியிருக்கும்போது ஈரத்துணியால் துடையுங்கள். நடு வெயிலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

முதல் நீண்ட பயணம் போய் வந்ததும், முக்கியமாக சிறுமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் ஏறி இறங்கியிருந்தால், கூரை போல்ட்டுகளையும் பேட்டரி முனைகளையும் ஸ்பேனர் வைத்து ஒரு சுற்று பாருங்கள். எங்களுக்கு சிறுமலைக்குப் போய் வந்த மறுநாள் பன்னிரண்டு போல்ட்டில் இரண்டு போல்ட்டுகள் கால் சுற்று இறுகின.