பூட்டிய வீட்டில் ஒரு பென்ட்லி: செட்டிநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைத் திறப்பது கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் வீட்டோடு காரும் பூட்டிக் கிடக்கும். பழைய அம்பாசடர் அதைத் தாங்கும். பென்ட்லி கான்டினென்டல் ஜிடி தாங்காது. 2003-இல் வந்த அந்த வண்டிக்கு 6 லிட்டர், 12 சிலிண்டர், இரட்டை டர்போ. எடை இரண்டேகால் டன்னுக்கு மேல், வேகம் 300 கிலோமீட்டரைத் தாண்டும். நெடுந்தூரம் ஓடவென்றே செய்த வண்டிக்கு நிற்பதுதான் வியாதி.

பெரிய தவறு நல்லெண்ணத்தில் நடப்பது. "தெனமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிர்றேன் தம்பி" என்பார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். அந்த ஐந்து நிமிஷத்தில் இன்ஜின் முழுசாகச் சூடேறாது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி வெளியே போகாமல் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். கெட்டி மோர் மாதிரி வழுவழுப்பாக ஒட்டினால் இதுதான் காரணம். ஸ்டார்ட் செய்ய இழந்த சார்ஜும் பேட்டரிக்குத் திரும்பியிருக்காது. ஓட்டினால் திருமயம் கோட்டை வரை போய்த் திரும்புங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம், பேட்டரியின் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னரை மாட்டிவிடுங்கள். முதல் தலைமுறை வண்டிகளில் பேட்டரி இரண்டு, டிக்கிக்குள் இருக்கும். வோல்டேஜ் இறங்கினால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்கெல்லாம் எரிந்து ஆளைப் பதற வைக்கும்.

டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) தேயவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. நம் ஊர் வெயிலுக்கு அது கிழம். புதிது வாங்கும்போது அளவு பொருந்தினால் போதாது. டயர் தாங்கும் பாரத்தைச் சொல்லும் எடைக் குறியீடும், தாங்கும் வேகத்தைச் சொல்லும் வேகக் குறியீடும் குறையக்கூடாது.

பஞ்சர் கடையில் அவசரப்பட்டு ஜாக்கி போட விடாதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டி இது, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுதான் தாங்குகிறது. சஸ்பென்ஷனை ஜாக்கி நிலைக்கு (ஜாக் மோட்) மாற்றிய பிறகே தூக்க வேண்டும். எலி, ஒயர் இரண்டையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக ஷெட். தாத்தா காலத்து ஒல்லிக் கார்களுக்குக் கட்டியது. இதன் அகலமோ ஏறக்குறைய 1.9 மீட்டர், கதவுகள் இரண்டே, இரண்டும் நீளம். அளக்காமல் உள்ளே விட்டு, நான் ஜன்னல் வழியாக இறங்கிய கதையை எங்கள் ஆச்சி ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.