கடைக் கால்குலேட்டரில் பகா எண் சோதனை

மதுரையின் பின்கோடு 625001 பகா எண்ணா? 13-ஆல் வகுத்தால் 48077, மீதி இல்லை. இல்லை என்று நொடியில் தெரிந்துவிட்டது. 625003 அவ்வளவு லேசில் மசியாது: 2, 3, 5 என்று பகா எண்களாக ஏறி முப்பதாவதான 113-இல்தான் மாட்டுகிறது. உண்மையிலேயே பகா எண்ணாக இருந்தால் வர்க்கமூலம் வரை, அதாவது 790 வரை, 138 வகுத்தல்! 2024-இல் அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அங்கே வகுத்தல் பேச்சுக்கே இடமில்லை.

காரணி தேடி வகுக்காமலே சோதிப்பது மில்லர்-ராபின் முறை. கீழமாசி வீதிக் கடைகளில் பில் போடும் 12 இலக்கக் கால்குலேட்டர் போதும். ஆறு இலக்க எண்ணின் வர்க்கம் 12 இலக்கத்தைத் தாண்டாது.

முதலில் கால்குலேட்டரின் தசம சுவிட்சை F-இல் வையுங்கள். 0-இல் இருந்தால் ஈவை முழு எண்ணாக்கிவிடும், 240.6 என்பது 241 ஆகி, கணக்கே கெடும். மீதி எடுக்க: வகுத்து, புள்ளிக்குப் பின் வருவதை விட்டு, முழு எண்ணை மறுபடி பெருக்கிக் கழியுங்கள். புள்ளிக்குப் பின்னுள்ளதைப் பெருக்கி மீதி எடுக்கிற குறுக்குவழி வேண்டாம், 644.99 என்று வந்து குழப்பும்.

பழகுவதற்கு ராமானுஜனின் 1729. இதை வேண்டுமென்றேதான் எடுக்கிறோம்: எளிய ஃபெர்மா சோதனையை (எண்ணில் ஒன்று குறைத்து அடுக்காகப் போட்டால் மீதி 1 வருகிறதா என்று மட்டும் பார்ப்பது) ஏமாற்றும் எண் இது.

படி 1. ஒன்றைக் கழித்து, ஒற்றை எண் வரும்வரை பாதியாக்குங்கள். 1728, 864, 432, 216, 108, 54, 27. ஆறு முறை.

படி 2. 2-இன் 27-ஆம் அடுக்கு 134217728. 1729-ஆல் வகுத்தால் மீதி 645. இது 1 அல்லது 1728 ஆக இருந்திருந்தால் எண் தேறியது, அங்கேயே நிறுத்தலாம்.

படி 3. மீதியை வர்க்கமாக்கி மறுபடி மீதி எடுங்கள். அதிகபட்சம் ஐந்து முறை. நடுவில் 1728 வந்தால் தேர்ச்சி; கடைசிவரை வராவிட்டால் பகு எண். 645-இன் வர்க்கம் 416025, மீதி 1065. 1065-இன் வர்க்கம் 1134225, மீதி 1.

மாட்டிக்கொண்டது! வர்க்கத்தின் மீதி 1 என்றால் (1065 − 1) × (1065 + 1) 1729-ஆல் வகுபடுகிறது. 1729 பகா எண்ணாக இருந்தால் இரண்டில் ஒன்றை அது தனியாகவே வகுத்தாக வேண்டும். 1064, 1066 இரண்டையும் வகுக்கவில்லை. போனஸாகக் காரணியும் கிடைக்கிறது: 1066-க்கும் 1729-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 13.

அடுக்கு பெரிதானால் நேராகப் போட முடியாது. 27, 13, 6, 3, 1 எனப் பாதியாக்கி, அரையை விட்டு எழுதிக்கொண்டு கீழிருந்து ஏறுங்கள். 1-க்கு நேரே 2. ஒவ்வொரு படியிலும் வர்க்கம், அந்தப் படியின் எண் ஒற்றையானால் கூடவே ஒரு 2-ஆல் பெருக்கல், பிறகு மீதி. வர்க்கத்துக்கு மீதி எடுத்த பிறகே 2-ஆல் பெருக்குங்கள்; இல்லாவிட்டால் 12 இலக்கம் தாண்டி திரையில் E விழும்.

2-இல் தேறினால் மட்டும் நம்பிவிடாதீர்கள். 2047 தேறும், ஆனால் அது 23 × 89. 3-ஐ வைத்தும் ஒருமுறை செய்யுங்கள். இரண்டிலும் தேறும் முதல் பகு எண் 1373653. ஆகவே ஆறு இலக்க ஒற்றை எண் இரண்டிலும் தேறினால் அது சந்தேகமில்லாமல் பகா எண்.

625003-இல் பழகிப் பாருங்கள். ஒரே பாதியில் 312501 வந்துவிடும், பதினெட்டு வர்க்கம் போட வேண்டும். முடிவில் 1-ம் வராது, 625002-ம் வராது. வந்தால் எங்கோ ஒரு மீதி தப்பு.