இறுதிச் சம்பள ஓய்வூதியம்: மாற்று மதிப்பில் தகராறு எழும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் பழைய பெருநிறுவனங்களில் பணியாற்றி விலகிய பலருக்கு இறுதிச் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்ட ஓய்வூதியம் ஒன்று இன்னும் அந்த நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்திலேயே இருக்கிறது. அதைத் தனியார் ஓய்வூதியக் கணக்குக்கு மாற்ற விரும்பினால், திட்டம் எவ்வளவு பணம் தரும் என்பதைச் சொல்லும் தொகைக்கு மாற்று மதிப்பு என்று பெயர், சி.இ.டி.வி. என்றும் சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தத் தொகையைப் பற்றி எழும் தகராறுகளில் உறுப்பினர்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம், வாதிட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் வாதிடுவதுதான்.

மதிப்பு குறைந்துவிட்டது என்பதையே புகாராக எழுதுவது இவற்றில் மிகப் பரவலான தவறு. வருங்காலத்தில் ஆண்டுதோறும் தர வேண்டிய ஓய்வூதியத்தை இன்றே கொடுத்துத் தீர்க்க எவ்வளவு தேவை என்று கணக்கிடுவதே மாற்று மதிப்பு என்பதால், வட்டி விகிதம் ஏறினால் அது இறங்கும். 20 ஆண்டுகள் கழித்துத் தர வேண்டிய 100 பவுண்டுக்கு, ஆண்டு வருவாய் 2 சதவீதம் என்று கொண்டால் இன்று சுமார் 67 பவுண்டு ஒதுக்க வேண்டும். 5 சதவீதம் என்று கொண்டால் சுமார் 38 பவுண்டே போதும். 2022-இல் அரசுக் கடன் பத்திரங்களின் வருவாய் வேகமாக உயர்ந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று வெளியான சிறு பட்ஜெட்டுக்குப் பின் இன்னும் எகிறியபோது மாற்று மதிப்புகள் பெருமளவு சரிந்ததற்கு இதுவே அடிப்படை. ஓய்வூதியம் ஒரு பவுண்டும் குறையவில்லை, அதன் இன்றைய விலை மட்டுமே மாறியது. கணக்கீட்டுக்கான அனுமானங்களை ஆக்சுவரி எனப்படும் ஓய்வூதியக் கணிப்பு நிபுணரின் ஆலோசனையைப் பெற்று, திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் அறங்காவலர்களே முடிவு செய்ய வேண்டும் என்பது 2008 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதி. ஆகவே, “நண்பருடைய திட்டம் ஆண்டு ஓய்வூதியத்தைப் போல் 30 மடங்கு தருகிறது, எனக்கு 20 மடங்குதான்” என்னும் வாதம் செல்லாது. அறங்காவலர்கள் விதிகளைப் பின்பற்றினார்களா, கருத வேண்டியவற்றைக் கருதினார்களா என்பதைத்தான் ஓய்வூதியக் குறைதீர்ப்பாளர் பார்ப்பாரே தவிர, தம் அனுமானத்தை அவர்களுடைய அனுமானத்துக்குப் பதிலாக வைக்க மாட்டார்.

வாதிட வேண்டிய இடம் உறுப்பினரைப் பற்றிய தகவல்கள். பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பகுதிநேரமாக வேலை செய்த ஆண்டுகள், முந்தைய திட்டத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த சேவைக்காலம், ஓய்வூதியத்துக்குக் கணக்கில் கொள்ளும் சம்பளம் ஆகிய இவற்றில் ஒன்று பிழையானாலும், எவ்வளவு நேர்த்தியான கணக்கீடும் தவறான விடையையே தரும். சம்பளத்தில்தான் குழப்பம் அதிகம். ஷிப்ட் படியும் மிகைநேரக் கூலியும் ஓய்வூதியச் சம்பளத்தில் சேருமா என்பது ஒவ்வொரு திட்டத்தின் விதி ஆவணத்தைப் பொறுத்தது. சம்பளச் சீட்டில் உள்ள மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு வாதிட முடியாது. ஓய்வு வயதையும் கவனிக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓய்வூதிய வயது சமமாக இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு 1990 மே 17 அன்று வந்தபின், பல திட்டங்கள் தங்கள் வயதைச் சில ஆண்டுகள் கழித்தே சமப்படுத்தின. அந்த இடைப்பட்ட காலச் சேவைக்கு ஆண்களுக்கும் 60 வயதே பொருந்தக்கூடும். அந்தப் பகுதியை 65 வயதுக்குக் கணக்கிட்டிருந்தால் மாற்று மதிப்பு குறைவாகவே வரும்.

சரிபார்க்கும் வழி கடினமானதன்று. வேலையை விட்டபோது திட்டம் அனுப்பிய அறிக்கையைத் தேடி எடுங்கள். விலகிய நாளில் ஆண்டு ஓய்வூதியம் 6,000 பவுண்டு என்று அதில் இருந்தால், மாற்று மதிப்பு அறிக்கையிலும் அந்த 6,000-தான் தொடக்கப் புள்ளியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ஓய்வு வயது வரை பணவீக்கத்துக்கு ஈடாக அது எவ்விதம் உயர்த்தப்பட்டது, துணைவருக்கான பங்கு எவ்வளவு, கூடுதலாகச் செலுத்திய விருப்பச் சந்தா தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, திட்டத்தில் நிதிப் பற்றாக்குறை என்று சொல்லி ஏதேனும் பிடித்தம் செய்திருக்கிறார்களா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டுப் பெறும் விளக்கம் பின்னர் சான்றாக நிற்காது. திட்ட நிர்வாகி உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் நகலைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சேவைக்காலப் பிழைகள் பலவும் அந்த நகலில்தான் முதலில் கண்ணில் படும்.

தவறு எப்போதும் உறுப்பினருக்குப் பாதகமாகவே நேர்வதில்லை. கூடுதலான மதிப்பைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்தும் திட்டங்களும் உண்டு. அப்போது “எழுத்தில் தந்தீர்கள், கொடுத்தே ஆக வேண்டும்” என்று பிடிவாதம் பிடிப்பது இன்னொரு பொதுவான தவறு. விதிப்படி உரிய தொகைக்கே உறுப்பினருக்கு உரிமை உண்டு என்பதே குறைதீர்ப்பாளரின் தொடக்க நிலைப்பாடு. தவறான தொகையை நியாயமாக நம்பி, மீட்க முடியாத முடிவொன்றை எடுத்து, அதனால் பண இழப்பும் ஏற்பட்டது என்று நிறுவினால் மட்டுமே அந்த இழப்புக்கு ஈடு கிடைக்கும். இல்லையேல் மன உளைச்சலுக்கென 500 அல்லது 1,000 பவுண்டு போன்ற ஒரு தொகையோடு முடியும். ஆகவே மாற்று மதிப்பு கைக்கு வருமுன் அதை நம்பி வேலையை விடுவதும் வீட்டுக்கு முன்பணம் கட்டுவதும் கூடாது.

காலக்கெடுவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிக்கையில் உள்ள தொகை, அது கணக்கிடப்பட்ட நாளான உத்தரவாதத் தேதியிலிருந்து 3 மாதங்களுக்கு மட்டுமே செல்லும். அதற்குள் மாற்றக் கோரி எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புகார் கொடுத்துவிட்டோம், கெடு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நிற்காது. மாற்று மதிப்பு அறிக்கையை 12 மாதங்களில் ஒருமுறைதான் இலவசமாகக் கேட்கும் சட்ட உரிமை உண்டு, அடுத்ததற்குக் கட்டணம் கேட்கலாம். ஓய்வூதியத்தின் மதிப்பு 30,000 பவுண்டைத் தாண்டினால் நிதித் துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஃப்.சி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகரின் அறிவுரையைப் பெற்றாக வேண்டும் என்பதாலும், அந்த ஆலோசனைக்கே பல வாரங்கள் ஆகும் என்பதாலும், ஆலோசகரை முதலில் உறுதி செய்துகொண்டு அதன்பின் மதிப்பைக் கேட்பதே சரியான வரிசை. இயல்பான ஓய்வு வயதுக்கு ஓராண்டுக்குள் வந்துவிட்டவர்களுக்குச் சட்டப்படியான மாற்று உரிமை இல்லை. என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் திட்டம், ஆசிரியர் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களிலிருந்து தனியார் கணக்குக்கு மாற்றுவதும் 2015 ஏப்ரல் முதல் நின்றுவிட்டது.

கெடு நெருங்குகிறது என்ற பதற்றமே பலரைத் தவறான கைகளில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. 2017-இல் பிரிட்டிஷ் ஸ்டீல் ஓய்வூதியத் திட்டம் மறுசீரமைக்கப்பட்டபோது, போர்ட் டால்பட் உள்ளிட்ட ஊர்களின் எஃகுத் தொழிலாளர்களில் சுமார் 8,000 பேர் வெளியேறினர். அவர்களுக்குத் தரப்பட்ட ஆலோசனையில் ஏறத்தாழ பாதி பொருத்தமற்றது என்று எஃப்.சி.ஏ. பின்னர் கண்டறிந்தது. மாற்றினால்தான் ஆலோசகருக்குக் கட்டணம் என்னும் முறை, மிகச் சில விலக்குகள் நீங்கலாக, 2020 அக்டோபர் 1 முதல் தடை செய்யப்பட்டது. என் கருத்தில் அந்தத் தடை மிகத் தாமதமாக வந்தது.

புகாரை எங்கே கொண்டுபோவது என்பதிலும் காலம் வீணாகிறது. தொகையில் பிழை என்றால் முதலில் திட்டத்தின் உட்புறத் தகராறு தீர்வு நடைமுறை, அதன்பின் ஓய்வூதியக் குறைதீர்ப்பாளர். அவரிடம் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். ஆலோசனையில் பிழை என்றால் முதலில் ஆலோசனை நிறுவனம், பிறகு நிதிக் குறைதீர்ப்பாளர். நிறுவனத்தின் இறுதிப் பதிலிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால், இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்ட வழி பிறக்கும்.

மாற்றிவிட்டதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. அரசின் கூடுதல் ஓய்வூதியத்துக்கு ஈடாக ஜி.எம்.பி. எனப்படும் உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியத்தை வழங்கிய திட்டங்களில் ஆண், பெண் கணக்கு சமமாக இல்லை. அதைச் சமப்படுத்த வேண்டும் என்று லாய்ட்ஸ் வங்கி வழக்கில் 2018-இல் தீர்ப்பு வந்தது. 1990 மே 17-க்குப் பின் சேர்ந்த அந்த உரிமைகளுக்காக ஏற்கெனவே குறைவாகக் கொடுத்து அனுப்பிய மாற்று மதிப்புகளுக்கும் மீதியைத் தர வேண்டும் என்று 2020 நவம்பர் 20 அன்று அதே வழக்கில் நீதிமன்றம் சொன்னது. 1990-க்கும் 1997-க்கும் இடையில் இத்தகைய திட்டத்தில் இருந்து பின்னர் வெளியேறியவர்கள், தேசியக் காப்பீட்டு எண்ணையும் மாற்றிய தேதியையும் குறிப்பிட்டு, தங்கள் மாற்று மதிப்பு மறுகணக்கிடப்பட்டதா என்று பழைய திட்டத்தின் அறங்காவலர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம்.